இடுப்பு வலிக்காரர் திரும்பும்போது விழாமல் இருக்க: வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

அம்மாவுக்கு இடுப்பு முள்ளெலும்பில் தேய்மானம். யாங்கோனில் எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியில்தான் விழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் தடுமாறியதோ அடுப்படியில், சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டு திரும்பும்போது.

கைப்பிடி வைத்த மர நாற்காலி, அளவு நாடா, கைபேசி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், எழும்போது பின்னால் சறுக்கும்.

நாற்காலியிலிருந்து 3 மீட்டர் அளந்து தரையில் டேப் ஒட்டுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமான செருப்பு, கைத்தடி எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 'போங்க' என்றதிலிருந்து மறுபடி உட்காரும்வரை ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு 11. தப்பித்தோம் என்று நினைத்தேன். மறுநாள் தம்பியை வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோட்டருகே தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே பலகையாகத் திரும்புகின்றன. கால்கள் ஒன்றோடொன்று பின்னுகின்றன. சாதாரணமாகத் திரும்பும்போது முதலில் கண்ணும் தலையும், பிறகு மார்பு, கடைசியில் இடுப்பு. வலிக்குப் பயந்து தசைகள் இறுகிவிட்டால் இந்த வரிசை போய்விடும்.

'இடுப்பைத் திருப்புங்கம்மா' என்றேன், தப்பு. பாதத்தை ஊன்றியபடியே முறுக்கி, வலி பிடித்துக்கொண்டது. கீழ் முதுகு நல்ல உடம்பிலேயே கொஞ்சம்தான் சுழலும். மற்றதை மார்புக்குப் பின்னாலுள்ள மேல் முதுகும், தொடை சேரும் இடுப்பு மூட்டும் செய்கின்றன. அப்புறம் கடிகாரத்தைச் சொன்னேன்: 12 மணியில் நிற்கிறீர்கள், முதலில் பார்வை, பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டி அடி, கால் குறுக்கே போகக் கூடாது. அது பிடிபட்டது. கையில் பானை இருந்தால் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் திடீரென வலுவிழந்தாலோ இதையெல்லாம் செய்துகொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

பிற்சேர்க்கை: லோஞ்சியின் (இங்கே கட்டும் கைலி) ஓரம் காலில் மாட்டுகிறது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். சரிதான், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே கட்டச் சொல்லுங்கள். கரண்ட் போகும் இரவுகளுக்காக அம்மா கட்டில் கைப்பிடியில் ஒரு டார்ச்சைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். தலையணைக்கடியில் வைத்தால் தேடித் திரும்புவார்.