டைனிங் டேபிளில் இலை போட்டு விருந்து பரிமாற

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வாழை இலையில் சாப்பாடு போட ஆசை, ஆனால் தரையில் உட்கார யாருக்கும் முழங்கால் ஒத்துழைக்காது என்றால் டைனிங் டேபிளிலேயே போடலாம். முதலில் டேபிளை அளந்து பாருங்கள். 6 பேர் உட்காரும் டேபிள் பெரும்பாலும் 5 அடிக்கு 3 அடிதான் இருக்கும். நல்ல நுனி இலை ஏறக்குறைய 2 அடி நீளம், 1 அடி அகலம் வரும். ஆக, பக்கத்துக்கு 2 என்று 4 இலைதான் வசதி. 6 இலையைத் திணித்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை நம் கூட்டில் இருக்கும். 8 பேர் வந்தால் 2 பந்தி போடுங்கள், அதில் தப்பே இல்லை.

ரொம்ப இளசான இலை சூடு சாதம் விழுந்ததும் துவண்டு கிழியும், முற்றிய இலை மடிப்பில் வெடித்து ரசம் ஒழுகும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். முந்தின நாளே வாங்கினால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். போடுவதற்கு முன் இலையைக் கவிழ்த்து, தடித்த நடுநரம்பைக் கத்தியால் லேசாகச் சீவிவிட்டால் டேபிளில் ஆடாமல் படிந்து உட்காரும். இதைச் செய்யாமல் விட்டால் குழம்பு எல்லாம் ஒரு பக்கமாக ஓடும்.

நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வர வேண்டும், அகலமான பாகம் வலப்பக்கம். நிறைய பேர் சறுக்குவது இங்கேதான்: டேபிளின் ஒரே பக்கம் நின்றுகொண்டு எல்லா இலையையும் ஒரே திசையில் போட்டுவிடுவார்கள், எதிரே உட்காருகிறவருக்கு நுனி வலப்பக்கம் வந்துவிடும். எதிரெதிர் இலைகளின் நுனி எதிரெதிர் திசையில் இருந்தால்தான் சரி. டம்ளரையும் இடப்பக்கமே வையுங்கள், எச்சில் கையால் யாரும் டம்ளரைத் தூக்க மாட்டார்கள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள் என்பதால் அடியில் பேப்பர் ரோல் விரித்துவிடுவது நல்லது.

அப்புறம் பரிமாறுவது. மேல்பாதியில் இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், அதிலிருந்து வலப்பக்கமாகப் பச்சடி, பொரியல், கூட்டு, அவியல். வடையையும் அப்பளத்தையும் ஈரம் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். கீழ்ப்பாதி சாதத்துக்கு. முதலில் ஒரு கரண்டி பாயசமோ ஒரு துண்டு இனிப்போ வைத்துத் தொடங்குவது பல வீடுகளில் வழக்கம். பிறகு சாதம், பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், மோர். ஊருக்கு ஊர் இது மாறும், நாகர்கோவில் பக்கத்து ஆட்களாக இருந்தால் பாயசத்தை இலையிலேயே ஊற்றி, போளியோடு சாப்பிடுவார்கள். வருகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று யோசித்து வரிசையை வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அது பெரிய சந்தோஷம்.

பாத்திரங்களை டேபிள் நடுவில் அடுக்காதீர்கள். விருந்தாளி தானே எட்டி எடுத்துப் போட்டுக்கொண்டால் அது விருந்தே இல்லை என்பது என் கருத்து. பக்கத்தில் ஒரு ஸ்டூலோ சின்ன மேசையோ போட்டு எல்லாவற்றையும் அங்கே வைத்து, ஒருவராவது உட்காராமல் பரிமாற வேண்டும். பந்தியில் இலைக்கு எதிரே நின்று பரிமாறுவோம், டேபிளில் அதற்கு வழியில்லை, அதனால் இடப்பக்கமாக வாருங்கள், அவர் சாப்பிடும் கையில் இடிக்காது. காய் எல்லாம் வைத்து முடித்த பிறகு சாதம் கொண்டு வாருங்கள். ரசத்துக்கு முன் சாதத்தில் குழி செய்யச் சொல்லி மெதுவாக ஊற்றுங்கள். "இன்னும் கொஞ்சம்?" என்று கேளுங்கள், கையை மறித்தால் விட்டுவிடுங்கள். சர்க்கரை இருக்கிறவரிடம் பாயசத்தை வற்புறுத்தவே கூடாது.

மோர் சாதம் போகும்போதே கை கழுவுகிற இடத்தில் சோப்பும் காய்ந்த துண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் முடித்து எழுந்த பிறகுதான் இலை எடுக்க வேண்டும். மேல்பாதியைத் தன் பக்கமாக மடிப்பதுதான் நல்ல காரியங்களில் வழக்கம், பல ஊர்களில் துக்க வீட்டில் இதை மாற்றி மடிப்பார்கள், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெற்றிலை பாக்குத் தட்டை ஹாலில் வைத்துவிட்டால் பெரியவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள், அடுத்த பந்திக்கு டேபிளைத் துடைத்துக் காயவிட நேரம் கிடைக்கும்.