தொண்டி ஏன் இரண்டு முறை வருகிறது? கல்லூரி நூலகத்தில் ஒரே தேடல் பெட்டி அமைக்கும் முறை

போன பருவத்தில் விலங்கியல் முதுகலை மாணவர் ஒருவர், பாம்பன்காரர், நூலகக் கணினி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். "மேடம், கடல் அட்டையைப் பத்தி நம்ம லைப்ரரில ஒண்ணுமே இல்லையா?" என்றார். இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியிலேயே இருந்தது. பட்டியலில் ஆங்கில எழுத்தில் ஹோலோதூரியா என்ற அறிவியல் பெயரில் பதிந்திருந்தோம், அவ்வளவுதான். ஆய்வேடுகள் வேறொரு பக்கத்தில், கட்டுரைகள் இன்னொரு பக்கத்தில். எங்கே தேடுவதென்றே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் தேடும் வசதியைச் செய்தே தீருவதென்று முடிவெடுத்தேன். மூன்று மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் போனது மூன்றாம் படியில்.

கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது, உபுண்டு கணினி ஒன்று கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கருவியைத் தேர்ந்தெடுத்தல்

பிரைமோ, சம்மன், எப்ஸ்கோ என்று விலைக்கு வருபவை நல்ல கருவிகள்தான். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அவை பொருந்தும். எங்களைப் போன்ற கடலோரக் கல்லூரிக்கு நான் சொல்வது வியூஃபைண்ட். அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழக நூலகத்தில் உருவான கட்டற்ற மென்பொருள், சந்தா கிடையாது. தேடும் நேரத்தில் ஒவ்வொரு தளமாகப் போய்க் கேட்காமல், பதிவுகளையெல்லாம் முன்கூட்டியே திரட்டித் தன்னோடு வரும் சோலர் என்ற தேடுபொறியின் அட்டவணையில் வைத்துக்கொள்ளும். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் ஊரில் இது பெரிய ஆறுதல். கணினிக்கு 8 ஜிபி நினைவகமும் நல்ல யுபிஎஸ்ஸும் கட்டாயம் வேண்டும். உப்புக்காற்று படும் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். இணைப்பு முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

2. நிறுவுதல்

வியூஃபைண்ட் தளத்திலுள்ள உபுண்டு வழிகாட்டியை வரிக்கு வரி பின்பற்றினால் போதும்.

3. பதிவுகளைச் சுத்தம் செய்தல்

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கோஹாவில் எக்ஸ்போர்ட் கொடுத்து மார்க் கோப்பை (நூல் விவரங்களைக் கணினி படிக்கும் வடிவில் வைக்கும் கோப்பு) எடுத்தேன், வியூஃபைண்டில் ஏற்றினேன். ஆங்கிலப் புத்தகங்கள் அழகாக வந்தன. தமிழ்ப் பதிவுகளில் ஒரு பகுதி வெறும் கிறுக்கலாக வந்தது.

முதல் காரணம் லீடர். மார்க் 21 பதிவின் தலைவரியில் 09 என்ற இடத்தில் 'ஏ' என்ற சிற்றெழுத்து இருந்தால்தான் அது யூனிகோடு பதிவு. அந்த இடம் காலியாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய குறியாக்கம் என்று பொருள். பல வருடங்களுக்கு முன் வெளியே கொடுத்து உள்ளிட்ட பதிவுகளில் எழுத்துகள் யூனிகோடில் இருந்தன, 09 மட்டும் காலியாகவே இருந்தது. மார்க் பதிவுகளைத் திருத்தும் மார்க்எடிட் மென்பொருளில் மொத்தமாகத் திருத்திவிடலாம். ஆனால் பழைய பாமினி எழுத்துருவில் உள்ளிட்ட பதிவுகளுக்கு இது உதவாது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நாளானது. தேடல் முடிவின் பக்கவாட்டில் வரும் பொருள் வடிகட்டியில் "தொண்டி" இரண்டு முறை வந்தது. ஒன்றில் சில புத்தகங்கள், இன்னொன்றில் வேறு சில. திரையை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கடைசியில் எழுத்தெழுத்தாகக் குறியெண்ணைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் 'தொ' என்பது த, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு குறியெண். மற்றொன்றில் த, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று. யூனிகோடு இரண்டையும் சமமாகவே கருதுகிறது. சொல் தேடலில் வியூஃபைண்டும் சமாளித்துக்கொள்ளும். வடிகட்டியில் மட்டும் சரம் உள்ளது உள்ளபடியே நிற்பதால் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இதற்கு மருந்து, இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற சீராக்கம். பைத்தான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. மார்க் கோப்பைப் படிக்கும் பைமார்க் தொகுதியோடு சேர்த்துச் சிறு நிரல் எழுதினால் மொத்தக் கோப்பும் சீராகிவிடும். ஒன்றை மட்டும் அது பிடிக்காது: 'பௌத்தம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டியிருந்தால் அது வேறு சொல்லாகவே நிற்கும். தேடிப் பிடித்துக் கையால் திருத்துங்கள். திருத்தத்தைக் கோஹாவிலேயே செய்யுங்கள். ஏற்றுமதிக் கோப்பில் மட்டும் செய்தால் அடுத்த முறை எடுக்கும்போது பழைய பிழை திரும்ப வரும்.

4. வெளிப் பதிவுகளைத் திரட்டுதல்

மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-ல் மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போய்விட்டது. ஆனாலும் நம் கடலைப் பற்றிய அதன் வெளியீடுகள் ஈபிரிண்ட்ஸ் என்ற இணையக் களஞ்சியத்தில் திறந்தே கிடக்கின்றன. மன்னார் வளைகுடாவைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய புதையல் எனக்குத் தெரியாது. ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறையில் அங்கிருந்து பதிவுகளைத் திரட்டலாம். வியூஃபைண்டின் ஹார்வெஸ்ட் கோப்புறையில் களஞ்சிய முகவரியை எழுதி, இரவில் ஓட விடுங்கள். தொகுதி தொகுதியாகத்தான் வரும், அவசரப்படாதீர்கள். உங்கள் கல்லூரி ஆய்வேடுகள் டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளில் இருந்தால் அவற்றுக்கும் இதே வழிதான்.

5. ஊர்ச் சொற்களைச் சேர்த்தல்

சோலரில் சிநோனிம்ஸ் என்றொரு எளிய உரைக்கோப்பு உண்டு. ராமநாதபுரம், இராமநாதபுரம், ராம்நாடு, முகவை என்று காற்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுதி, சோலரை நிறுத்தித் தொடங்குங்கள். ஆவுளியா, கடல்பசு, டூகாங் ஆகிய மூன்றையும் இன்னொரு வரியில் போடுங்கள். ஆங்கில எழுத்து வடிவங்களையும் விடாதீர்கள். நம் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் பெயரிலேயே தேடுவார்கள், அந்தப் பெயருக்கும் விடை வர வேண்டும். 'கடல் அட்டை' மாதிரி இடைவெளி உள்ள பெயர்கள் இந்தக் கோப்பில் சரியாக வேலை செய்யவில்லை. அவற்றை எங்கள் மார்க் பதிவுகளில் குறிச்சொற்களுக்கான 653 புலத்தில் சேர்த்தோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பரமக்குடி நண்பர் ஒருவர், "மீனவர் என்று தேடினால் மீனவர்கள், மீனவரின் என்பவை வருவதில்லையே" என்று கேட்டிருந்தார். பன்மை விகுதியையும் வேற்றுமை உருபையும் வியூஃபைண்ட் பிரிக்காது. புள்ளி வைக்காமல் 'மீனவர*' என்று தட்டச் சொல்லுங்கள், மூன்றும் வரும். நட்சத்திரக் குறியோடு இதை எழுதி ஒவ்வொரு கணினிக்கு மேலும் ஒட்டிவைத்திருக்கிறோம்.

இன்னொன்று: புத்தகம் வெளியே போயிருந்தும் 'உள்ளது' என்று காட்டுவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அமைப்புக் கோப்பில் கேட்டலாக் பகுதியின் டிரைவர் வரியில் கோஹாவைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மென்பொருளோடு வரும் மாதிரி அமைப்பிலேயே அந்த வரி நின்றுவிட்டால் உண்மை நிலவரம் தெரியாது.

பாம்பன் மாணவர் போன வாரம் வந்து 'கடல் அட்டை' என்று தட்டினார். முதல் வரியிலேயே அந்த அலமாரிப் புத்தகம் வந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்து போய் எடுத்துவந்தார்.