அலர்ஜி மூக்கு: சளியைக் கழுவி, ஸ்ப்ரே அடிக்கும் சரியான முறை

எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் அரிப்பு, தண்ணீராய் ஒழுகும் சளி. காய்ச்சல் இல்லை, ஆனால் வாரக்கணக்காக நீடிக்கிறது என்றால் பெரும்பாலும் அலர்ஜிதான். ஜலதோஷம் 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும்.

சளி நமக்குக் காவல். மூச்சில் வரும் தூசியை அது பிடித்துக்கொள்ள, நுண்மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. அலர்ஜி உள்ளவர்களுக்கு, மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவு அதில் ஒட்டினாலே போதும். அடியிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். அரிப்பும் ஒழுகலும் அதனால்தான். கூடவே மூக்கின் உள்சதையும் வீங்குகிறது. எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விலகாததற்குக் காரணம் இந்த வீக்கம்.

1. உப்புநீர்

240 மி.லி. தண்ணீரை ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆற்றுங்கள். அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை கலக்கவும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது; அதில் நெக்லேரியா என்ற அமீபா நுண்ணுயிர் இருந்தால் மூளைக்கு ஏறி உயிரைப் பறிக்கலாம். கேன் தண்ணீரையும் கொதிக்க வையுங்கள்.

2. கழுவுதல்

வாஷ்பேசின் மேல் குனிந்து தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மூக்கு கழுவும் பாட்டிலால் மேல்பக்கத் துவாரத்தில் உப்புநீரில் பாதியை மெதுவாக ஊற்றுங்கள். மற்றதன் வழியாக வெளியேறும். மறுபக்கமும் அப்படியே. பாட்டிலை அழுத்திப் பீய்ச்சினால் காது வலிக்கும். எரிந்தால் உப்பின் அளவைச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரும் எரியும்.

3. ஸ்டீராய்டு ஸ்ப்ரே

டாக்டர் எழுதித் தந்திருந்தால், கழுவிப் பத்து நிமிடம் கழித்து அடியுங்கள். பாட்டிலைக் குலுக்கி, தலையைச் சற்றே முன்னால் குனியுங்கள். இடது துவாரத்துக்கு வலது கை, வலதுக்கு இடது கை. முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். நேராக நடுச்சுவரில் அடிப்பதால்தான் பலருக்கு ரத்தம் கசிகிறது. மெல்ல உறிஞ்சினால் போதும். இழுத்து உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு வகை. ஐந்து நாளைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் கலந்த சளி, மூச்சில் விசில் சத்தம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். குழந்தைக்கு ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே பாசிமணியோ பயறோ சிக்கியிருக்கலாம். நீங்களே தோண்டி எடுக்காதீர்கள்.