சோலார் பற்றரிக்கு எத்தனை அம்பியர் பியூஸ்?

2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனதை மறக்காதவர்கள் இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் நாலு இடத்தில் விசாரித்து வாங்குகிறவர்கள்கூட, பியூஸ் என்று வந்தால் கடைக்காரர் எடுத்துத் தருவதோடு வந்துவிடுகிறார்கள்.

ஒன்றை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த பியூஸ் இருப்பது கேபிள் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். இன்வேர்ட்டருக்குக் காவல் என்று நினைக்க வேண்டாம்.

படி 1: கணக்கு

24 வோல்ட் லிதியம் பற்றரி, 3000 வொட் இன்வேர்ட்டர் என்று வைப்போம். இன்வேர்ட்டரின் திறன் 90 சதவீதம் என்றால், பற்றரியிலிருந்து 3333 வொட் போகும். இதை 24ஆல் பிரிக்காதீர்கள். பற்றரி இறங்க இறங்க மின்னோட்டம் ஏறும். ஆகவே இன்வேர்ட்டர் நின்றுவிடும் வோல்ட்டால் பிரியுங்கள். அது 22 என்றால் 152 அம்பியர் வரும். பியூஸ் சும்மா போகாமல் கொஞ்சம் இடம் விட, அதை 1.25ஆல் பெருக்கினால் 190. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 200.

படி 2: கேபிள்

200 அம்பியர் பியூஸ் என்றால் கேபிளும் 200 அம்பியரைத் தாங்க வேண்டும். 70 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிள் பொதுவாகப் போதும். தயாரிப்பாளரின் அட்டவணையையும் ஒருதரம் பாருங்கள். வீட்டில் கிடக்கிற மெல்லிய கேபிளைப் பூட்டிவிட்டு பியூஸை மட்டும் பெரிதாகப் போட்டால், பியூஸுக்கு முன் கேபிள்தான் எரியும்.

படி 3: பியூஸைத் திருப்பிப் பாருங்கள்

சறுக்குவது இங்கேதான். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் கார் ஓடியோவுக்கு விற்கும் தங்கநிற பியூஸில் 200 என்று பெரிதாக இருக்கும், ஓரத்தில் 32 வோல்ட் என்று சின்னதாக இருக்கும். சார்ஜ் ஆகும்போது 57 வோல்ட்டைத் தொடும் 48 வோல்ட் பற்றரிக்கு அது ஆகவே ஆகாது. ஏசி பியூஸும் வேண்டாம்; டிசியில் தீப்பொறி லேசில் அணையாது.

பலர் கேட்காத இன்னொரு எண், ஷோர்ட் ஆகும்போது எவ்வளவு மின்னோட்டத்தை அது துண்டிக்கும் என்பது. உள்மின்தடை 5 மில்லிஓம் உள்ள 25.6 வோல்ட் பற்றரி ஷோர்ட்டானால் 5000 அம்பியருக்கு மேல் பாயும். மெகா (MEGA) என்ற வகை பியூஸ் பெரும்பாலும் 2000 வரைதான் தாங்கும். கிளாஸ் டி (Class T) என்ற வகை 20,000. விலை கூடத்தான். லிதியத்துக்கு நான் கிளாஸ் டியைத்தான் சொல்வேன்.

படி 4: பூட்டுதல்

பற்றரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்கட்டும். இன்வேர்ட்டரை நிறுத்திவிட்டு, மோதிரம், சங்கிலியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். 230 வோல்ட் பக்கத்தை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கேபிள் முனையில் இருக்கும் லக்கைப் பிடிக்கும் நட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும். வெள்ளவத்தை போலக் கடலுக்குக் கிட்ட வீடென்றால் உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடிக்கும். அப்புறம் பியூஸ் சும்மாவே சுடும். இடைக்கிடை திறந்து பாருங்கள்.

பியூஸ் போனால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதே அளவையே போடுங்கள். இரண்டாக வாங்கி வைத்துவிட்டால், ராத்திரியில் 250ஐப் போட்டுப் பார்க்கும் ஆசை வராது.