சம்பளத்துக்கு முந்தின பத்து நாள்

தோட்டச் சம்பளம் மாத முதல் வாரத்தில் கைக்கு வரும். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். பகாவ், சுங்கை சிப்புட், பெஸ்தாரி ஜெயா மாதிரி செம்பனை (எண்ணெய்ப் பனை) சூழ்ந்த ஊர்களில் மளிகைக் கடைக்காரருக்கு மாதம் இரண்டு வகை: ரொக்கம் வரும் நாள், 555 நோட்டு (கடன் எழுதும் சின்னக் குறிப்பேடு) வரும் நாள். இருபத்தேழாம் தேதிக்கு மேல் நோட்டுதான் அதிகம் வரும்.

அந்தப் பத்து நாளில் கை வறண்டுபோவதற்குச் சம்பளம் போதாதது ஒரு காரணம். முதல் பத்து நாளில் வாங்குவதும் தின்பதும் இன்னொரு காரணம். முதல் வாரத்தில் மூன்று தடவை கோழி, இரண்டு தடவை கடைச் சாப்பாடு, கடைசி வாரத்தில் மேகி என்றால் மாதக் கணக்கு சரியாக இருந்தாலும் வீடு தடுமாறும். ஆகவே திட்டத்தைக் கடைசிப் பத்து நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவதே நல்லது.

முதலில் கணக்கு

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இபிஎஃப் (சேமநிதி) 11 விழுக்காடும் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தங்களும் போனால் கையில் சுமார் 1,500 நிற்கும். பெரியவர் இருவர், பள்ளிப் பிள்ளைகள் மூவர் உள்ள வீட்டுக்கு அதில் 600 வெள்ளியைச் சாப்பாட்டுக்கும் சோப்பு சாமானுக்கும் ஒதுக்கிப் பார்ப்போம். இருவர் சம்பாதித்தால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் பிரிக்கும் முறை இதேதான்.

காய்ந்த சாமானுக்கு 250. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் மீன், காய், கோழி, முட்டைக்கு வாரம் 75 என்று மூன்று வாரம். கடைசிப் பத்து நாளுக்குத் தனியாக ஒரு 75. கேஸுக்கு 30. மிச்சம் 20 வெள்ளி திடீர் விருந்தாளிக்கு. இந்தப் பிரிப்பைச் சம்பளம் எடுத்த அன்றே உறைகளில் போட்டுவிடுங்கள். போன் வங்கியில் கணக்காக வைத்திருப்பதும் உண்டு, ஆனால் திரையில் தெரியும் மொத்தத் தொகை எப்போதும் அதிகமாகத் தோன்றும். ஒரு வாரத்து உறை காலியானால் அடுத்த வாரத்து உறையைத் தொடக்கூடாது. அந்த வாரம் பருப்பும் முட்டையும் போதும்.

அரிசி எவ்வளவு என்பதை ஊகத்தில் விடாதீர்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப் சுமார் 150 கிராம் பிடிக்கும். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு மூன்று கப், இரண்டு வேளைக்கு ஆறு கப், அதாவது 900 கிராம். மாதம் 27 கிலோ வருகிறது. வாரத்தில் இரண்டு இரவு சப்பாத்தியோ மீஹூனோ (அரிசி சேமியா) என்று வைத்தால் மூன்றரைக் கிலோ குறைந்து 25 கிலோவுக்குள் முடிந்துவிடும். 10 கிலோ இரண்டு மூட்டை, 5 கிலோ ஒன்று. உள்நாட்டு வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை 10 கிலோவுக்கு 26 வெள்ளி. கிடைக்கும்போது அதை வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. உதவித்தொகை எண்ணெய்ப் பாக்கெட் கிலோ 2.50, சீனி கிலோ 2.85, கோதுமை மாவு ஒரு கிலோ பாக்கெட் 1.35. அரிசியோடு எண்ணெய் நான்கு பாக்கெட், சீனி இரண்டு கிலோ, மாவு மூன்று கிலோ எடுத்தால் மொத்தம் 85 வெள்ளிக்குள் அடங்கும். இறக்குமதி அரிசிதான் கிடைத்தது என்றால் இந்தத் தொகை கூடும், ஆகவே மீதிச் சாமானை எடுப்பதற்கு முன் அரிசியை எடுங்கள்.

250இல் மீதியுள்ள 165 வெள்ளி பருப்பு, வெங்காயம், மசாலா, சார்டின், நெத்திலி, தேத்தூள், சோப்பு இவற்றுக்கு. சாரா என்ற அரசாங்க உதவி மைகார்டில் (அடையாள அட்டையில்) வருபவர்கள் அதைப் பதிவுபெற்ற கடையில் அரிசி, முட்டை, டின் சாமான், பள்ளிப் பொருள் என்று இந்தச் சாமான்களுக்கே பயன்படுத்துங்கள். அதில் பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் வாங்கிவிட்டு, ரொக்கத்தில் அரிசி வாங்குவதுதான் பலர் செய்வது.

பூட்டு வாளி

சாமான் வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் அடுக்காதீர்கள். முதலில் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்து மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். அரிசி 8 கிலோ, எண்ணெய் ஒரு பாக்கெட், மைசூர் பருப்பு 700 கிராம், சீனி 700 கிராம், மீஹூன் இரண்டு பாக்கெட், மாவு ஒரு கிலோ, 425 கிராம் சார்டின் டின் மூன்று, நெத்திலி 200 கிராம், கருவாடு கொஞ்சம், புளி ஓர் உருண்டை. கடைசிப் பத்து நாளுக்கான 75 வெள்ளி உறையையும் அதற்குள்ளேயே போடுங்கள். வாளியைக் கட்டிலுக்கு அடியிலோ அறையிலோ வைக்கலாம், குசினியில் (சமையலறையில்) மட்டும் வேண்டாம். கண்ணுக்கு எதிரே இருந்தால் பதினைந்தாம் தேதியே திறந்துவிடுவோம்.

வாளி முன்கூட்டியே திறக்கப்பட்டால் எது முதலில் தீர்ந்தது என்று மூடியில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அது எண்ணெயாகவோ சீனியாகவோ இருக்கும். எண்ணெய் என்றால் பொரியல் அதிகம். சீனி என்றால் தே, மைலோ, சிரப் கணக்கைப் பாருங்கள். அரிசி தீர்ந்தால் கப் அளவு தவறு, அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம்.

கடையில் கடன் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 555 நோட்டு உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். தேதி, சாமான், விலை மூன்றையும் வாங்கும்போதே எழுதுங்கள். கடைக்காரர் ஏமாற்றுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. பிள்ளைகளை அனுப்பும் வீட்டில் எத்தனை ஐஸ்கிரீம் அதில் ஏறியது என்று தெரிய வேண்டாமா?

குசினி அலமாரி

இந்த நாட்டு ஈரப்பதத்தில் சாமான் கெடுவதற்குப் பெரும்பாலும் காற்றும் வண்டும் எலியும்தான் காரணம். அரிசி வண்டு வெளியிலிருந்து வந்து ஏறுவதைவிட, மூட்டையிலேயே முட்டையாக வந்து வீட்டில் பொரிப்பதுதான் அதிகம். பழைய அரிசியின் மேல் புது மூட்டையைக் கொட்டினால் பழையதில் இருப்பது புதியதிலும் பரவும். பழையதை முடித்து, அரிசித் தோங்கை (பெரிய டப்பாவை) கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு கொட்டுங்கள். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவது ஓரளவு விரட்டும், ஏற்கனவே உள்ள முட்டையைக் கொல்லாது. ரவை, கடலை மாவு, பயறு மாதிரி சிறிய பாக்கெட்டுகளை வாங்கியதும் நான்கு நாள் ஐஸ் பெட்டியின் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் அழியும். எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே நீர் பூக்காது.

பருப்பும் மாவும் சதுர பிஸ்கட் டின்னில் நிற்கட்டும், பிளாஸ்டிக் பையை எலி கடித்துவிடும். முன்னால் பிரித்தது, பின்னால் பிரிக்காதது என்ற ஒரே விதி போதும். அழகான லேபிள்களுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டுமே சீக்கிரம் முளைத்து அழுகும். வெங்காயம் காற்றோட்டத்தில் தொங்கட்டும், உருளை இருட்டில் இருக்கட்டும்.

மசாலாவைப் பாக்கெட்டாக வாங்குவதைவிட அரைத்து வைப்பது மலிவு, வாசமும் நிற்கும். கொத்தமல்லி 1 கிலோ, காய்ந்த மிளகாய் 500 கிராம், பெருஞ்சீரகம் 150, சீரகம் 100, மிளகு 50, மஞ்சள் 50. வெயிலில் ஒருநாள் காய்ந்தால் போதும், மழைக்காலத்தில் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்துக்கொள்ளலாம். மில்லில் அரைத்த தூள் சூடாக இருக்கும். அதை அப்படியே போத்தலில் அடைத்தால் மூடியில் நீர் கோத்து ஒரு வாரத்தில் கட்டியாகிப் பூஞ்சை வரும். தாளில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியது மட்டும் அடுப்பருகில், மீதி ஐஸ் பெட்டியில்.

கேஸ் தோங் (சிலிண்டர்) 14 கிலோ 26.60 வெள்ளி, தூரத்தைப் பொறுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி தனி. தோங்கில் மாற்றிய தேதியைச் சாக்பீஸால் எழுதுங்கள். ஒரு மாதம் நின்றது திடீரென மூன்று வாரத்தில் தீர்ந்தால் கொண்டைக்கடலையை ஊறவைக்காமல் வேகவைத்திருப்பீர்கள், இல்லையென்றால் ரப்பர் குழாயில் கசிவு. குழாய் முழுக்கச் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கவே கூடாது.

பாசார் மாலாம்

மீனுக்குச் சீக்கிரம் போங்கள், காய்க்குத் தாமதமாகப் போங்கள். மூடும் நேரத்தில் கங்கோங், சவி மாதிரி கீரை, கத்தரி விலை இறங்கும். அந்த நேரத்து மீன் வேண்டாம். கெம்போங் மீன் விலை ஏறினால் செஞ்சாரு மீன் வாங்கலாம், குழம்புக்கும் சம்பல் (மிளகாய் விழுது) அடைத்துப் பொரிக்கவும் நன்றாகவே இருக்கும்.

கோழி முழுதாக ஒன்று, இரண்டு கிலோ. கடையிலேயே பதினாறு துண்டாகப் போடச் சொல்லுங்கள். வீட்டில் மூன்று பையாகப் பிரியுங்கள். தொடையும் காலும் உருளை போட்ட குழம்புக்கு, நெஞ்சுக்கறி பிரட்டலுக்கோ மீ கோரெங்குக்கோ (வறுத்த நூடுல்ஸ்), முதுகும் கழுத்தும் மிளகு ரசத்துக்கு. மூன்று நாள் மூன்று சமையல். ஒரே பையில் உறையவைத்தால் ஒருநாளைக்காக முழுவதையும் உருக்கி, மீதியைத் திரும்ப உறையவைப்பீர்கள். கறி கெடுவதும் ருசி போவதும் அங்கேதான். வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கும் வீட்டில் அந்த நாளைத் தெம்பே (புளிக்கவைத்த சோயா), தவ்வு (டோஃபு), பயறுக்கு விட்டால் கோழி அடுத்த வாரம் வரை நீளும்.

பத்து நாள் சமையல்

இருபத்தேழாம் தேதி வாளியைத் திறந்து, உறையிலிருந்து முட்டை ஒரு தட்டு, தவ்வு, தெம்பே, தவுகே (முளைப்பயறு), கத்தரி, தேங்காய் வாங்குங்கள். முப்பது முட்டை என்றால் ஐந்து பேருக்கு ஆறு வேளை. முட்டைக் குழம்பு இரண்டு, சம்பல் முட்டை இரண்டு, மீதி பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கு. சார்டினை வெங்காயமும் உருளையும் சேர்த்துப் பிரட்டினால் ஒரு டின் ஐந்து பேருக்குப் போதும். மைசூர் பருப்பு ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் குழையும், கேஸும் மிச்சம். நூறு கிராம் பருப்பில் முருங்கைக் கீரை இரண்டு கைப்பிடி போட்டால் சோற்றுக்கு வேறு கறி தேவைப்படாது. கருவாடும் கத்தரியும் ஒருநாள், நெத்திலிச் சம்பலும் ரசமும் ஒருநாள், மீஹூன் ஓர் இரவு. மரவள்ளித் தழை வேலிப்பக்கம் இருந்தால் இலவசம். ஆனால் மூடாமல் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் சமைக்க வேண்டும், பச்சையில் விஷத்தன்மை உண்டு.

ஓர் எச்சரிக்கை: செம்பனை நிரைகளுக்குள்ளும் வடிகால் ஓரத்திலும் முளைக்கும் பாக்குக் கீரை (பெரணிக் கொழுந்து), பொன்னாங்கண்ணியைப் பறிக்காதீர்கள். மருந்தடித்த நிரை எது என்று இலையைப் பார்த்துத் தெரியாது. புல் மஞ்சளாவதற்கு முன்பே மருந்து இலையில் இருக்கும்.

விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவருக்குக் கட்டும் சோறு பத்து மணி வெயிலைத் தாங்க வேண்டும். தேங்காய்ப் பால் சேர்த்ததும் தேங்காய்ச் சட்னியும் மதியத்துக்குள் புளித்துவிடும், புளிச்சோறும் சம்பலும் நிற்கும். ஆவி பறக்கச் சோற்றை மூடாதீர்கள். முந்தின இரவின் மிச்சச் சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் மட்டுமே காலையில் நாசி கோரெங் (வறுத்த சோறு) ஆக்கலாம். இரவெல்லாம் குக்கரில் கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

வாசல் பக்கம்

பூட்ஸ், வெட்டுக்கத்தி, அரிவாள், வேலை உடுப்பு எல்லாம் வாசலோடு நிற்க வேண்டும். ஒரு பலகை, நான்கு ஆணி, ஒரு வாளி போதும். மருந்தடிக்கும் வேலைக்காரரின் உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு ஊறவைக்காதீர்கள், தனி வாளி, தனித் துவைப்பு. காலி மருந்துத் தோங்கை எத்தனை தடவை கழுவினாலும் அரிசிக்கும் தண்ணீருக்கும் வைக்கக் கூடாது. உரச்சாக்கில் மிளகாய் காயவைப்பதும் அப்படியே.

பத்திரங்களுக்கு மூடியுள்ள ஒரு பெட்டி வேண்டும், தரையிலிருந்து ஆளுயரத்தில். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் ஊசி அட்டை, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ், இபிஎஃப் அறிக்கை, சம்பளச் சீட்டு. ஒவ்வொன்றும் தனிப் பிளாஸ்டிக் உறையில், ஒரு நகல் உறவினர் வீட்டில். வெள்ளம் ஏறும் வீட்டு வரிசையில் இருப்பவர்கள் இதை மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே மாதம் ஒரு கிலோ சீனி கூடுதலாக வாளியில் போடலாம், அது கெடாது. மாவையும் கடலை மாவையும் ஒரு மாதத்துக்கு முன்னால் வாங்காதீர்கள், வண்டு விழும். நெய்யும் எண்ணெயும் பலகாரம் சுடும் வாரத்தில் போதும். அந்த மாதம் முன்பணம் எடுத்தால் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஆகவே எடுத்த தொகையைப் பூட்டு வாளியின் மூடியில் எழுதி, அடுத்த மாத உறைகளை அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள்.