கேட்காத கேள்விக்குப் பதில்: ஊர்க் கூட்டங்களில் அறிவியல் பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் அறிவியல் பேச முன்வரும் கல்லூரி மாணவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். சாவடிகளிலும் பள்ளி வளாகங்களிலும் அவர்களுடைய கூட்டங்களில் உட்கார்ந்து கேட்கும்போது, என் தலைமுறையினர் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். வேகமாகப் பேசுவது, கலைச்சொற்களை அடுக்குவது போன்றவற்றை யாராவது அன்றைக்கே சொல்லித் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கு எழுதவில்லை.

நம்பிக்கையைக் கேலி செய்தல்

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கம் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, பல வீடுகளில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்தார்கள். கிரகண நேரத்தில் மட்டுமே உலக்கை அப்படி நிற்கும் என்பது நம்பிக்கை. அதைப் பார்த்துச் சிரித்த தன்னார்வலர் நீட்டிய சூரியக் கண்ணாடியை அந்தத் தெருவில் ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. அடிப்பகுதி தட்டையாக உள்ள உலக்கை எந்த நாளிலும் நிற்கும். மறுநாள் அதே முற்றத்தில், அதே உலக்கையை அந்த வீட்டுக்காரரின் கையாலேயே நிறுத்தச் சொல்லியிருந்தால் போதும்.

முடிவை மட்டும் சொல்லி, அறிந்த வழியை விட்டுவிடுதல்

"கீழடிக்கு 2,600 வயது" என்கிறார்கள். எந்தப் பொருளின் வயது அது என்று ஒரு பள்ளிக் குழந்தை கேட்டால் பானையைக் காட்டுகிறார்கள். கரிமக் காலக்கணிப்பு, ஒரு காலத்தில் உயிரோடிருந்தவற்றின் எச்சத்தில்தான் செய்யப்படுகிறது; சுட்ட மண்ணுக்கு அது பொருந்தாது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகளில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. மாதிரியையும் ஆழத்தையும் சேர்த்துச் சொல்வதால் பேச்சு இரண்டு வாக்கியம் நீளும், அவ்வளவுதான். எந்த மண்ணடுக்கில் கிடைத்த பானைக்கு அந்தக் காலம் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று கேட்பவரே யோசிக்கத் தொடங்கிவிடுவார். வெறும் ஆண்டுக்கணக்கை வாங்கிப் போனவரோ, நாளை வாட்ஸ்அப்பில் வரும் இன்னோர் ஆண்டுக்கணக்கையும் அதே போல வாங்கிக்கொள்வார்.

"புரிந்ததா?" என்று கேட்டல்

கேட்க வேண்டாம். புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுதல்

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்ற, எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் இரும்பைக் கொண்ட உணர்கருவி, அதற்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை என்பது திட்டம். மற்ற அண்டக் கதிர்களைத் தடுத்து நியூட்ரினோவைப் பிரித்தறிய அவ்வளவு பாறை தேவை. எதிர்ப்பு வலுத்திருந்த நாள்களில், பக்கத்து ஊர் ஒன்றில் ஆய்வு மாணவர் ஒருவர் விளக்கக் கூட்டம் நடத்தினார். பொருளில் குறை சொல்ல முடியாத பேச்சு. கோலார் தங்கவயலில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோ பதிவான வரலாற்றைச் சொன்னார். பிறகு, கதிரியக்கம் பற்றிய அச்சத்தைப் போக்குவதாக எண்ணி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நம் கட்டைவிரல் நகமளவு இடத்தை ஊடுருவிச் செல்கின்றன என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், மடியிலிருந்த குழந்தையின் கையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டார். பேசியவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் எழுந்து, "வேட்டு வெச்சா எங்க கெணத்துல தண்ணி நிக்குமா தம்பி?" என்று கேட்டார். "நியூட்ரினோ தண்ணிய ஒண்ணும் பண்ணாது பாட்டி" என்ற பதில் வந்தது. அடுத்து எழுந்தவர், மலைக்கு ஆடு பத்திக்கொண்டு போகத் தடை வருமா என்று கேட்டார். அதற்கும் துகளின் இயல்பே பதிலாக வந்தது. மூன்றாவதாக யாரும் எழவில்லை.

மூதாட்டி கேட்டது துகள் இயற்பியலே அல்ல. அந்த மலைப்பக்கத்துக் கடினப் பாறையில் நிலத்தடி நீர் பிளவுகளிலும் வெடிப்புகளிலும்தான் தங்கியிருக்கும். சுரங்கம் அப்படியொரு பிளவை வெட்டிக்கொண்டு போனால் நீர் அதற்குள் வடியலாம், வெட்டாவிட்டால் கிணற்றுக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். எது நடக்கும் என்பதை, பாறையை ஆராய்ந்தும், வேலை தொடங்குவதற்கு முன்பிருந்தே கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்தும்தான் சொல்ல முடியும். "எனக்குத் தெரியாது, அளந்தால் தெரியும், இன்றிலிருந்து நீங்களே கயிறு விட்டு அளந்து எழுதி வைக்கலாம்" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதுவே அன்றைக்குத் தேவைப்பட்ட அறிவியல். மேய்ச்சல் பற்றிய கேள்விக்கோ அறிவியலில் பதிலே கிடையாது. அது உரிமை பற்றியது என்று ஒப்புக்கொண்டு, பதில் சொல்லும் பொறுப்புள்ள அதிகாரியைக் கூட்டத்துக்கு அழைத்து வந்திருக்க வேண்டும்.

நியூட்ரினோவால் கதிரியக்கம் பரவி விளைநிலம் பாழாகும் என்ற வதந்தி, அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் அதே ஊரில் உலவியது. கிணற்றைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றியவர், கதிரியக்கம் பற்றிச் சொன்ன உண்மையையும் சேர்த்தே இழந்துவிட்டார். மக்களுக்கு அறிவியல் தெரியாததால்தான் எதிர்க்கிறார்கள் என்று திரும்பும் வழியில் வருந்தினார். அந்த வருத்தம்தான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் இத்திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்தவையும் மேற்குத் தொடர்ச்சி மலை, புலிகளின் வழித்தடம் ஆகியவை பற்றியவையே. துகளை எவ்வளவு தெளிவாக விளக்கினாலும் அவற்றுக்குப் பதிலாகாது.

பேசப் போகும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகப் போய், டீக்கடையிலும் களத்துமேட்டிலும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். அதில் உங்கள் துறை சார்ந்த கேள்வி ஒன்றுகூட இல்லையென்றால், தயாரித்த உரையை வீட்டிலேயே வைத்துவிட்டு, பதில் தெரிந்தவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி நேரத்தைக் கடைசிக்குத் தள்ளுதல்

பேச்சுக்குப் பதினைந்து நிமிடம் போதும். கடைசிப் பேருந்து போய்விடும் என்று கேள்வியை வெட்டுபவர் அன்று வராமலே இருந்திருக்கலாம்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறைதல்

கேட்டவரின் பெயரையும் கேள்வியையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். நேரில் போக முடியாவிட்டால், அவ்வூர் நூலகத்துக்கோ பள்ளித் தலைமையாசிரியருக்கோ ஒரு பக்கத்தில் பதில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பலாம்.