அவுட்சோர்ஸ் செய்த வாடிக்கையாளர் சேவை: உச்சரிப்போடு நின்றுவிடும் பயிற்சியின் தவறுகள்

வாடிக்கையாளர் சேவையை வேறொரு நாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்ததும், பயிற்சியில் முதலில் வந்து உட்காருவது உச்சரிப்புதான். அதற்கே பாதி நேரம் போய்விடும். அழைப்புப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்: முடியுமா முடியாதா என்று நேராகச் சொல்லாததுதான் பல இடங்களில் எரிச்சலைக் கிளப்புகிறது.

"பணம் திரும்ப வருமா?" என்று கேட்கிறார் ஒருவர். "மேலே அனுப்பியிருக்கிறோம் சார், பார்க்கிறோம்" என்கிறார் அழைப்பை எடுத்த ஏஜென்ட். சொன்னவருக்கு அது மரியாதையான மறுப்பு, கேட்டவருக்கோ வாக்குறுதி. சில நாளில் அதே ஆள் மறுபடி அழைப்பார், இம்முறை குரல் உயர்ந்திருக்கும். சில பண்பாடுகளில் பாதிப் பேச்சு குறிப்பாலேயே நடக்கும், சிலவற்றில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-லேயே விளக்கிவிட்டார். 'முடியாது' என்பதை முதலில், காரணத்தை அடுத்து, வேறு வழி இருந்தால் அதைக் கடைசியில் சொல்லும் ஒத்திகைதான் பயிற்சியில் விடுபட்டுப் போகிறது.

இதைவிட ஆழமான தவறு வகுப்பறையில் நடக்கிறது. "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மேலிருப்பவரிடம் கேள்வி கேட்கத் தயங்கும் அளவு நாட்டுக்கு நாடு மாறுவதை, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வுகளை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் காட்டினார். வகுப்பில் கேட்காதவர் டீம் லீடரிடமும் கேட்கமாட்டார். வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டு ஊகித்துப் பதில் சொல்வார். அழைப்பு நேரம் கூடினால் வேலை மதிப்பீட்டில் மதிப்பெண் குறையும் என்ற பயம் வேறு! புரிந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, பாடத்தை அவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

'அமெரிக்கர் நேரடியாகப் பேசுவார், ஜப்பானியர் பணிவானவர்' என்று ஒரே மதியத்தில் முடித்துவிடும் பண்பாட்டு வகுப்பு அநேகமாக வீண். நல்லதும் கெட்டதுமாக நிஜமான பதிவுகளைக் கேட்க வைத்தாலே போதும்.

ஸ்கிரிப்டை, அதாவது முன்பே எழுதிக் கொடுத்த வரிகளை, அப்படியே ஒப்பிக்க வைப்பது இன்னொரு தவறு. இறந்த கணவரின் கணக்கை மூடச் சொன்ன பெண்ணிடம், "இந்த நாள் இனிதாக அமையட்டும்" என்று முடித்தால் எப்படி இருக்கும்? ஏஜென்ட் கல்நெஞ்சர் இல்லை. அந்த வரியை விட்டால் தரச் சோதனையில் மதிப்பெண் போய்விடும். எந்த வரியை எப்போது விடலாம் என்ற உரிமையையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும்.

சில்லறை விஷயங்களும் கடிக்கும். 03/04 அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டனில் ஏப்ரல் 3. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பா கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன. இடைப்பட்ட வாரங்களில் நாடுகளுக்கிடையேயான நேர வித்தியாசம் மாறிவிடுவதால், திரும்ப அழைப்பதாகச் சொன்ன நேரம் தவறிப்போகும்.

பயிற்சி ஒருபக்கமாகவே இருப்பதும் தவறுதான். கட்டணம் மாறிய செய்தி தலைமையகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஏஜென்டுக்கு அதை முதலில் சொல்பவர், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கத்தும் வாடிக்கையாளர். வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் மேலாளர்கள் மாதம் ஒருமுறையாவது ஹெட்செட் மாட்டிக்கொண்டு இந்த அழைப்புகளை நேரடியாகக் கேட்க வேண்டும்.